குழியில் தெளித்த மண்ணெண்ணெய்

துர்காதேவியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "வேற வேலை இல்லையாண்ணே உங்களுக்கு?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் போன் செய்து, "நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க, என்ன நல்லவளா ஆக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

என் பெயர் கலைவாணன். வாலாஜாபாத் பக்கம், விவசாயக் குடும்பம். காஞ்சிபுரத்தில் தடய அறிவியல் பிரிவில் புகைப்படக்காரனாக இருக்கிறேன். திருட்டு, விபத்து, தீ எதுவானாலும் முதலில் உள்ளே போவது என் கேமராதான். ஆனால் கேமராக்காரனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

துர்கா எங்கள் பிரிவில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. எம்.எஸ்சி. முடித்திருந்தாள். எரிந்த வீட்டைப் பார்த்து, தீ எங்கே பிடித்தது, தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வது அவள் வேலை. மற்றவர்கள் நேராகக் கரி அதிகமாக இருக்கும் இடத்துக்கு ஓடுவார்கள். இவள் எரியாத மூலையில் இருந்து ஆரம்பித்து, எரிந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருவாள். கையில் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவு சல்லடையும் இருக்கும். சாம்பலைச் சலித்துச் சலித்துப் பார்ப்பாள். அன்றைக்கு பஸ்ஸில் அவள் தலைமுடியில் அடிக்கும் கரி வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விடுவாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் பரமசிவத்தின் மகள். இது அலுவலகத்தில் தெரிந்த அன்றே தொல்லை தொடங்கியது. பெரிய அதிகாரி முதல் ஜீப் டிரைவர் வரை, "எம்பொண்ணுக்குக் கல்யாணம், தறி விலைக்கு ஒரு புடவை சொல்லும்மா" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன், மறைப்பானேன். "புடவைக்காரம்மா" என்றே ஒருவர் பெயர் வைத்துவிட்டார். அவள் மெல்ல மெல்ல வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். யாராவது தறி என்று பேச்செடுத்தால் "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று எழுந்து போய்விடுவாள்.

2019-இல், அவள் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒரு அமாவாசை அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு தறி வீட்டில் தீப்பிடித்தது. அப்பாதுரை, மாணிக்கவேல் என்று அண்ணன் தம்பி இருவர். ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்புவது பற்றி இருவருக்கும் ஒரு வருடமாகச் சண்டை. எரிந்தது அண்ணன் பக்கத்துத் தறி அறை. அமாவாசைக்குத் தறி ஓடாது. அப்பாதுரை குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். முந்தின நாள் தெருவே கேட்கும்படி தம்பி கத்தியிருந்தார், "இந்தத் தறியக் கொளுத்திட்டுத்தான் மறு வேலை" என்று. ஊரில் கோபம் வந்தால் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மறுநாளே எரிந்தால் யார் சும்மா விடுவார்கள்?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. தறி கரிக்கட்டையாக நின்றது. புடவையில் டிசைன் விழுவதற்காகத் தறிக்கு மேலே வைக்கிற ஜக்கார்டு பெட்டியிலிருந்து தோரணம் மாதிரி தொங்கும் அட்டைகள் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும்விட மோசமாக எரிந்திருந்தது தறிக்குழி. நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்கிற குழி அது. துர்கா குனிந்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாசனை எனக்கே அடித்தது. கரண்டியால் மண்ணை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினாள். நான் அறை முழுக்கப் படம் எடுத்தேன். கூரைக்கடியில் ஒரு மின்கம்பி அறுந்து தொங்கியது. அதன் நுனியில் செம்பு உருகி மிளகு அளவுக்குத் திரண்டிருந்தது. அதையும் எடுத்தேன். அது நாற்பத்தோராவது படம்.

இன்ஸ்பெக்டர் வீரபாகு மாணிக்கவேலை அங்கேயே நிற்க வைத்திருந்தார். "குழியில மண்ணெண்ணெய் ஊத்தினது யாருய்யா?" என்று கேட்டார்.

"சார், குழின்னா மண்ணெண்ணெய் இருக்கும் சார். எல்லார் வூட்லயும் இருக்குது" என்றார் மாணிக்கவேல்.

வீரபாகு சிரித்தார். கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மாணிக்கவேல் துர்காவைப் பார்த்தார். "நீ பரமசிவம் அண்ணன் பொண்ணுதானேமா? நீயே சொல்லும்மா."

"இன்னாம்மா, அப்படியா?" என்றார் வீரபாகு.

துர்கா டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "எனக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்றாள்.

பத்தடி தூரத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது. அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அவள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் உறுதியானது. துர்கா மூன்று பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினாள்: தீ குழியில் தொடங்கியிருக்கிறது, எரிபொருள் ஊற்றப்பட்டிருக்கிறது. மாணிக்கவேல் எண்பத்து மூன்று நாள் சிறையில் இருந்தார். ஜாமீனில் வந்தபோது அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று நிபந்தனை. தீ வைத்தவன் என்று பெயர் எடுத்தவனிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்ல யார் துணிவார்கள்? அவரும் மனைவி தையல்நாயகியும் எங்கள் ஊருக்குக் குடிவந்தார்கள். அரிசி ஆலையில் அவர் மூட்டை தைத்தார். சந்தையில் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு துர்காவை வெளிமாநிலத்துக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டில், மெத்தை, நாற்காலி எல்லாம் போட்டு நிஜ அறை மாதிரியே மூன்று அறைகள் கட்டி, பயிற்சிக்கு வந்தவர்கள் பார்க்காதபோது கொளுத்துவார்களாம். மறுநாள் உள்ளே அனுப்பி, எது விபத்து, எது வைத்த தீ என்று எழுதச் சொல்வார்களாம். நடு அறையின் தரையில் எதையோ ஊற்றி எரித்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. துர்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எரிபொருள் ஊற்றப்பட்டது" என்று எழுதினாள். அந்த அறையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. குப்பைக்கூடையில் போட்ட ஒரு சிகரெட்தான் காரணம். கூரைக்கடியில் சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அறையே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்ளுமாம். அப்போது தரையும் இப்படித் திட்டாக எரியுமாம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலத்தான் எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை பாடம் எடுத்தவர் இன்னொன்றும் சொன்னார். எண்ணெய் வாசனை வந்தால் மட்டும் போதாது. எரியாத வேறு இடத்து மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த வீட்டில், அந்தத் தொழிலில், அந்த எண்ணெய் வழக்கமாகவே புழங்குகிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

அன்று இரவு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துர்காவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அன்னைக்கு அமாவாசைதானே?"

"எந்த அமாவாசைமா?"

"மாணிக்கவேல் கேஸு."

"ஆமா, கோயிலுக்குப் போயிருந்தாங்களே. ஏன்?"

அழுகிறாள் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னாள். தறிக்குழியில் பூரான் அடையும். நெய்கிறவர் வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும். அதனால் அமாவாசைக்குத் தறி நிற்கிற அன்று குழியைப் பெருக்கி மண்ணெண்ணெய் தெளிப்பது அவர்கள் தெரு வழக்கம்.

"இது தெரிஞ்சுக்கினே ஏன்மா எழுதின?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். எனக்கும் கோபம் வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினாள். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் நானும் அவளும் அந்தத் தெருவில் ஆறு வீட்டுக் குழிகளில் மண் எடுத்தோம். நான் ஒவ்வொரு டப்பாவையும் படம் எடுத்தேன். ஆறில் ஒன்று அவள் அப்பா பரமசிவத்தின் குழி. அவர் பாதி நெய்த புடவையை விட்டு எழுந்து எங்களுக்கு வழி விட்டார்.

"மண்ணெண்ணெய் தெளிக்காம எவன் கால வெப்பான்? இதுக்கா இம்மாம் டப்பா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "அந்த மாணிக்கவேலு கேஸுல இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தியே, இன்னான்னு எழுதின?" என்று கேட்டார். துர்கா டப்பாவை மூடிக்கொண்டே இருந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஐந்து குழிகளில் மண்ணெண்ணெய் இருந்தது. ஆறாவது வீட்டில் பினாயில் ஊற்றுகிறார்களாம், புது நாகரிகம். உருகிய மின்கம்பி தெரிந்த என் நாற்பத்தோராவது படத்தைக் கணினியில் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்தாள். மேலே கம்பியில் பொறி பறந்து, ஜக்கார்டு அட்டை பற்றி, எரிகிற அட்டைகள் குழிக்குள் விழுந்து அங்கே இருந்த மண்ணெண்ணெயில் பிடித்திருக்கலாம். "இருக்கலாம்னுதான் சொல்ல முடியும். அதுதான்னு சொல்ல முடியாது. இந்த வாட்டி தெரியாதத தெரியாதுன்னுதான் எழுதப்போறேன்" என்றாள். புது அறிக்கையின் கடைசி வரி, தீக்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்பது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்வதற்கு முன் அரசு வழக்கறிஞர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். நல்ல மனிதர், அவளுக்கு நல்லதுதான் நினைத்தார். "ட்ரெய்னிங்கில் புதுசா கத்துக்கிட்டேன், அதனால கருத்து மாறிச்சுன்னு சொல்லிடும்மா. அதுவும் பொய் இல்லியே. வேற ஏதாவது சொன்னா, நீ எழுதின முப்பது ரிப்போர்ட்டையும் வக்கீலுங்க கிழிச்சுத் தொங்கவிடுவாங்க." துர்கா தலையாட்டினாள். சரி என்று தலையாட்டினாளா, கேட்டுக்கொண்டேன் என்று தலையாட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அண்ணன் அப்பாதுரை கூண்டில் ஏறினார். தீப்பிடித்த அன்று குழியில் மண்ணெண்ணெய் தெளித்தீர்களா என்று மாணிக்கவேலின் வக்கீல் கேட்டார்.

"ஆமா, காலைல எம்பொண்டாட்டி தெளிச்சா."

"இதை ஏன் போலீசிடம் சொல்லவில்லை?"

"தறி ரூம்ல மண்ணெண்ணெய் கேன் வெச்சிருந்தியான்னுதானே கேட்டாங்க? கேன் சமையக்கட்டுலதான் இருந்துச்சு. இல்லன்னேன். தெளிச்சியான்னு யாரும் கேக்கல."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து துர்கா ஏறினாள். ஆறு குழிகளைப் பற்றிச் சொன்னாள், கம்பியைப் பற்றிச் சொன்னாள், தன் முதல் அறிக்கை தவறு என்றாள். நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார்: "இந்த வழக்கம் உங்களுக்கு எப்போது தெரியவந்தது?"

அரசு வழக்கறிஞர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் மாணிக்கவேலும் தையல்நாயகியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்ன வயசுலேருந்தே தெரியுங்க ஐயா. எங்க வீட்ல குழிக்கு மண்ணெண்ணெய் தெளிக்கிறது என் வேலை. காலேஜ் போற வரைக்கும் நான்தான் தெளிச்சேன்."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "பிறகு ஏன் அறிக்கையில் சொல்லவில்லை?"

"அன்னைக்கு மாணிக்கவேல் என்னைக் கேட்டாரு. எல்லாரும் இருந்தாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, மெஷின் சொன்னதை மட்டும் எழுதினேன்."

மூன்று வாரத்தில் மாணிக்கவேல் விடுதலையானார். தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் டீக்கடை அருகே அவரும் மனைவியும் நின்றிருந்தார்கள். துர்கா நேராக அவரிடம் போனாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

மாணிக்கவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தார். குரல் உயர்த்தவில்லை.

"அன்னைக்கு நீ தெரியாதுன்னு சொன்னியே, நான் நம்பிட்டேன்மா. படிக்கிற புள்ள, தறி பக்கமே வந்திருக்காது, அதுக்கு எப்படித் தெரியும்னு இவகிட்ட கூடச் சொன்னேன். ஜெயிலுக்குள்ள போலீஸத் திட்டினேன், எங்கண்ணனத் திட்டினேன். அஞ்சு வருஷத்துல உன்ன ஒரு வார்த்தை திட்டினதில்ல." தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்பதாம்மா உம்மேல கோவம் வருது."

தையல்நாயகி அவர் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாலாஜாபாத் பஸ் வரும் வரை துர்கா அங்கேயே நின்றாள்.