ஒரே கவரில் போன செய்தியும் விளம்பரமும்

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர். ஊரில் மரியாதைதான். ஆனால் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், அவ்வளவுதான். எவனைப் பற்றி எழுத வேண்டுமோ அவன் வாசலிலேயே போய் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் முட்டாள் இல்லை. நிருபர் வாயை அடைக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் நூலுக்குச் சாயம் ஏற்றும் மில் ஒன்று இருந்தது. கழிவைக் குழாய் போட்டு ஓடையில் விட்டார்கள். ஓடை கண்மாயில் சேர்ந்தது. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஒரு அம்மா என்னைத் தேடி வந்து கூட்டிப் போனார். கணவர் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். அந்த நிலத்தையும் கிணற்றையும் விட்டால் அவருக்கு வேறில்லை. வாளியை விட்டு இறைத்துக் காட்டினார். தண்ணீர் ஊதா நிறம். மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தாலுகா ஆபீஸில் மனு மேல் மனு கொடுத்திருந்தார்.

"பேப்பர்ல வந்தாத்தான் தம்பி ஆபீசருமாரு எட்டிப் பாப்பாக" என்றார்.

அன்றே எழுதினேன். அதே வாரம் அதே மில்லில் பொங்கல் மலருக்கு முழுப் பக்க விளம்பரமும் வாங்கியிருந்தேன். மில் முதலாளி சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் போகிறார். கைகூப்பிய படம், கீழே வாழ்த்து. எங்கள் செய்தியெல்லாம் கவரில் போட்டு பஸ் கண்டக்டர் கையில்தான் மதுரைத் தலைமை ஆபீசுக்குப் போகும். செய்திக்கு ஒரு கவர், விளம்பரத்துக்கு ஒரு கவர் என்பது வழக்கம். பஸ் கிளம்பிவிட்டதே என்ற அவசரத்தில் இரண்டையும் ஒரே கவரில் திணித்துக் கொடுத்தேன். தனியாகப் போயிருந்தால் செய்தி ஒரு மூலையிலாவது வந்து தொலைத்திருக்கும். இரண்டும் விளம்பர மேனேஜர் மேஜையில் ஒன்றாக விரிந்தன.

மறுநாள் மருந்துக்கடை போனில் செய்திப் பிரிவின் மூத்தவர் கூப்பிட்டார்.

"யோவ், ஒரு கையில மாலையும் ஒரு கையில செருப்புமாய்யா அனுப்புவ?"

செய்தி எப்போது வரும் என்று கேட்டேன். நம் பத்திரிகை முதலாளியும் மில் முதலாளியும் அடுத்த வாரம் ஒரே மேடையில் உட்காரப் போகிறார்கள், தேர்தல் முடியட்டும் என்றார். தேர்தல் முடிந்தால் அவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவாரே என்றேன்.

"அப்பப் போடவே முடியாது" என்றார். ஒளிவு மறைவில்லாத மனுஷன்.

மலரில் கைகூப்பிய படம் வந்தது. கிணறு வரவில்லை. அந்த அம்மா மலரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். அந்தப் படத்தை நான்தான் பிடித்துக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். "ஒனக்கும் வயிறு இருக்குல்லா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எழுதாதே என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. தாராளமாக எழுதலாம். அச்சடிக்கிற மெஷின் அவர்களுடையது. சரி, வேறு மெஷின் பார்ப்போம் என்று நோட்டீஸ் போடக் கிளம்பினேன். ராஜபாளையத்தில் கேட்ட அச்சகமெல்லாம் கையை விரித்தது. மில் காலண்டர் அடிப்பவர்கள் அவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் ஒருவர் ஒத்துக்கொண்டார். கீழே 'பொதுமக்கள்' என்று போட்டுவிடலாம், எல்லாருக்கும் நல்லது என்றார். என் பேரைப் போடச் சொன்னேன். கூட வந்திருந்த அந்த அம்மா குறுக்கே வந்தார்.

"எம்பேரையும் போடுங்க. கெணறு என்னுது."

கோர்ட் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் இருவருமாக நின்று கொடுத்தோம். அந்த வாரமே நிருபர் அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மதுரையிலிருந்து கடிதம் வந்தது. அனுப்பினேன். தேர்தலில் மில் முதலாளி ஜெயித்தார். நான் விடவில்லை. மாதம் ஒரு நோட்டீஸ் போட்டேன்.

நாலாவது நோட்டீசுக்குப் பிறகு மில் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். சிரித்த முகம். என் எழுத்து முதலாளிக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

"இந்தத் துண்டு நோட்டீசெல்லாம் ஒங்களுக்குக் காணாது சார். சொந்தமா ஒரு பேப்பர் ஆரம்பிங்க. வருசம் பூரா நாங்க விளம்பரம் தாறோம்."

என்னை மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"விளம்பரம் வேண்டாம்" என்றேன். "அந்தக் குழாயை அடைங்க. அடைச்சீகன்னு செய்தி போடுதேன். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

மேனேஜர் எழுந்து செருப்பை மாட்டினார். ஐந்தாவது நோட்டீசில் அவர் வந்ததையும் சொன்னதையும் ஒரு வரி விடாமல் அச்சடித்தோம். கீழே இரண்டு பெயர்கள்.