மாமா அமுக்கிய அப்டேட்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது மாமாவால்தான். அம்மாவின் தம்பி. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஜீப்பில் மலையிறங்கிப் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை விடிந்ததும் ஏறிவிடுவார். அக்கா அப்போது ப்ளஸ் டூ. டிசைன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மதுரையில் ஒரு கோடை வகுப்பில் அவள் பழகிய வரைகலை மென்பொருள், ஒரே ஒரு கம்பெனியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். அந்த சிஸ்டமோ, அந்தக் கம்பெனியே செய்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதன் விலையைக் கேட்டதும் அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இதுலயே ஓட்டிரலாம் ஆத்தா" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டு ஒரு பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியோடு வந்தார் மாமா. முகம் தெரியாத யார் யாரோ இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்து, உள்ளே எதையெதையோ மாற்றி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், தான் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறோம் என்று அந்த சிஸ்டத்தையே நம்பவைத்துவிட்டார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை: அப்டேட் செய்யவா என்று கேட்டால், பிறகு என்றுதான் அமுக்க வேண்டும்.

எனக்குப் பத்து வயது. வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் கம்பெனியுடையதே இருந்தது. "உங்களோடது டூப்ளிகேட்டு. அப்டேட் போட்டுப் பாரு, தெரியும்" என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விடுமுறை. அக்கா டியூஷனுக்குப் போயிருந்தாள். அப்டேட் கேட்டது. எங்களுடையதும் ஒரிஜினல்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் அமுக்கிவிட்டேன்.

திரை கறுத்தது. அணைத்துப் போட்டாலும் கறுப்பு. கல்லூரிக்கு அனுப்ப அக்கா வரைந்திருந்த படங்கள் அத்தனையும் அதற்குள். அனுப்ப ஆறு நாள்தான் பாக்கி.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி மாமாவை அழைத்தேன். அழுகைதான் முதலில் வந்தது. "எதை அமுக்குன, அப்பு?" என்றார். சொன்னேன். "சரி, இனிமே ஒண்ணையும் தொடாத. யாருகிட்டயும் சொல்லாத. வெரசா வர்றேன்."

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார். உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனை. நேரே அக்காவிடம் போய், "நாந்தான் ஆத்தா, தெரியாம அப்டேட்ட அமுக்கிப்புட்டேன்" என்றார். அக்கா விருட்டென்று உள்ளே போனாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் லீவு போட்டு, பெட்டியைப் பிரித்துப் பரப்பித் தரையிலேயே கிடந்தார் மாமா. எஸ்டேட்டிலிருந்து போனில் திட்டியது அடுத்த அறையில் எனக்கே கேட்டது. வியாழக்கிழமை மத்தியானம் படங்கள் திரும்பி வந்தன. சத்தம் மட்டும் வரவே இல்லை. படம் வரையச் சத்தம் எதற்கு? அக்காவுக்கு இடம் கிடைத்தது.

இப்போது எனக்கு ஆபீசில் ஒரிஜினலே கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு அமுக்கியது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அக்கா சிரித்தாள். "தெரியும்டி. மாமா மலைமேல இருந்துக்கிட்டு எப்பிடி அமுக்குவாரு?"

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்றே தெரியுமாம். அந்த இரண்டு நாளும் அக்கா மாமாவோடு பேசாமல் இருந்தது, அவர் சொன்னதை நம்பிவிட்டாள் என்று நான் நம்பவேண்டும் என்பதற்காகத்தானாம். நானோ, மாமாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வளர்ந்திருக்கிறேன்.