துறைமுகத்தில் பிடுங்கிய நூல்

மாமாவின் டிரங்குப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. பெட்டி துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. சாவியை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. அதன் காதில் அரக்கு நிறப் பட்டு நூல் ஒன்று முடிந்திருக்கிறது. அழுக்கேறி, பிசிறடித்து, பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகக்கூட இருக்கும். இந்த நூலோடு ஒரு மனிதர் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஆரணிக்குத் திரும்பி வந்தார், வந்தவரைப் பார்த்து ஊரே சிரித்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. ஆரணிக்கு வெளியே போளூர் சாலையில் அவருடைய ஊர். ஹைஸ்கூல் படிப்புக்காக நான் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். கொஞ்சம் மேட்டு நிலம், எங்கள் பேச்சில் கொல்லை, அதில் கோடையில் வற்றிப்போகும் ஒரு கிணறு. மல்லாட்டைதான் பயிர், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அத்தை டவுனில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் பட்டு இழைக்கப் போவாள். அறுந்து சிக்கலாகிப் போன நூலை அவர்கள் எறிந்துவிடுவார்கள். அத்தை அதை மடியில் முடிந்துகொண்டு வந்து, சாக்கில் கிழிசல் கண்ட இடமெல்லாம் கோணி ஊசியால் தைத்துவிடுவாள். சணலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், பட்டு சும்மா கிடைக்கும். ஆரணியில் அப்படித்தான். "எனக்குத்தான் கொடுத்து வைக்கல, சாக்காவது பட்டு கட்டிக்கட்டும்" என்பாள். கிழிசலின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குத்தி, கடைசியில் ஒரு குஞ்சம் விடுவாள். அவள் தைத்த சாக்கை எத்தனை சாக்குக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம்.

மாமாவுக்குச் செய்தி என்றாலே ஆகாது. மழையே இல்லாத ஒரு வருஷம், டீக்கடைப் பேப்பரில் மாவட்டத்தில் விளைச்சல் அமோகம் என்று போட்டிருந்தார்கள். "எவன் வந்து எண்ணினான்? நம்ம கொல்லைக்கு வந்தானா? உன் கொல்லைக்கு வந்தானா?" என்று கடையில் இருந்தவர்களை எல்லாம் பிடித்து உலுக்கிவிட்டார். அவர்கள் டீ ஆறுகிறதே என்று பார்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் நன்றாகவே விளைந்தது. விற்ற கையோடு கிணற்றை ஆழப்படுத்திவிட வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. பாறைக்கு வெடி வைக்கிற ஆளிடம் பேசியும் வைத்துவிட்டார். அடுத்த கோடைக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் அந்த நிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அறுவடை முடிந்து, பருப்பு உரித்து, சாக்குகள் கூடத்தில் அடுக்கி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் சொன்னார்கள்: கடலை ஏற்றுமதி நின்றுவிட்டது, சரக்கு தேங்கிக் கிடக்கிறது, விலை இன்னும் இறங்கும். மறுநாள் பேப்பரிலும் வந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? சேத்துப்பட்டு வரைக்கும் இருக்கிற சம்சாரிகள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு மண்டிக்கு ஓடினார்கள். நேற்றைய விலையில் பாதிதான் கிடைத்தது. பக்கத்து ஊரில் இருந்த என் அப்பா மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்தார். மாமாவும் அப்பாவின் நச்சரிப்புக்குப் பாதி சரக்கைக் கொண்டுபோய்ப் போட்டார். மண்டியில் சாக்கோடுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று ராத்திரி மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தட்டில் கையை வைத்துக்கொண்டு அத்தையிடம் கேட்டார்: "கப்பல் போவலன்னா மண்டிக்காரர் இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தியா வாங்கறாரு? தேங்கிப் போன சரக்க எவனாவது லாரி வச்சி ஏத்திகினு இருப்பானா?" அத்தை, "உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு, சாப்புடு" என்றாள். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார். கப்பல் போகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வருவதற்கு! கடலையே அதுவரை பார்த்திராத மனிதர்.

அங்கே நடந்ததை அவர் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன். துறைமுக கேட்டுக்கு உள்ளே விடவில்லை. காவலாளி, "இன்னா கப்பல்? போய்யா" என்று விரட்டியிருக்கிறார். மதிலுக்கு மேலே எதுவோ உயரமாகத் தெரிந்ததாம், அது கப்பலா கட்டடமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஒரு லாரியின் மேலடுக்கில், தார்ப்பாய்க்குக் கீழே, அரக்கு நிறத்தில் அத்தையின் தையல், குஞ்சத்தோடு. மாமா சக்கரத்தில் கால் வைத்து ஏறிவிட்டார். கிளீனர் பையன் கத்துவதற்குள் குஞ்சத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார், நூல் கையோடு வந்துவிட்டது. டிரைவரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "கப்பலுக்குத்தான்யா போவுது. தெனம்தான் போவுது. உனுக்கு இன்னா அதுல?"

ஊருக்கு வந்தவர் வீட்டுக்கு வரவில்லை, நேராக மண்டிக்குப் போனார். பாக்கிப் பணம் வாங்க வந்த என் அப்பாவும் அங்கே இருந்தார். இன்னும் விற்காமல் வண்டியோடு நின்றவர்கள் நிறையப் பேர். மாமா நூலைத் தூக்கிக் காட்டி, "நிக்கலபா! ஏத்திகினு இருக்காங்க! நம்ம சரக்கேதான்! யாரும் போடாதீங்க, வண்டியத் திருப்புங்க!" என்று கத்தியிருக்கிறார். இரண்டு மூன்று பேர் மூட்டை இறக்குவதைக்கூட நிறுத்தினார்களாம். மண்டிக்காரர் கோபப்படவில்லை. அந்த நூலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "ஆரணில எந்த ஊட்லபா இந்த நூலு இல்ல?" என்றார்.

அவ்வளவுதான். கொல்லென்று சிரித்தார்கள். அதில் முதலில் சிரித்தது என் அப்பா. "இன்னா மச்சான், கப்பல்ல ஏறிட்டே வந்திருக்கலாம் இல்ல?" என்று அவர் கேட்டதை, நான் அடுத்து வீட்டுக்குப் போனபோது எங்களிடம் பெருமையாக வேறு சொன்னார். எனக்குப் பிற்பாடு வயது வந்துதான் அப்பாவின் சிரிப்பு புரிந்தது. மாமா சொன்னது நிஜம் என்றால் அப்பா ஏமாந்தவர் ஆகிவிடுவார். முந்தின நாளே விற்றுவிட்டவர்கள் எல்லோருக்கும் அந்தச் செய்தி நிஜமாக இருந்தாக வேண்டும். ரேடியோவில் படித்தவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். கடைசி ஆளைத் தேடிப் போக எங்களில் யாருக்கு வழி தெரியும்? தேடிப் போன ஒரே ஆளையும் கப்பல்காரன் என்று பெயர் வைத்துக் கேலி செய்தோம்.

வண்டிகள் திரும்பவில்லை. எல்லோரும் போட்டுவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் மீதிச் சாக்குகளை விற்காமல் கூடத்தில் வைத்துக் காத்திருந்தார். மழைக்காலம் வந்தது. ஈரம் ஏறி, பூஞ்சை பூத்து, வீடு முழுக்கக் கசந்த நாற்றம். கடைசியில் செக்குக்காரர் ஒருவர் கழிவு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான், எங்கள் பக்கம் ஒரு வீட்டிலும் ஒரு சாக்கும் இல்லாத நேரத்தில், ரேடியோவில் சொன்னார்கள்: ஏற்றுமதி மறுபடியும் தொடங்கிவிட்டது, விலை ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா எழுந்து ரேடியோவை அணைத்தார். ஆனால் மாமாவிடம் போய், நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் யாரும் சொல்லவில்லை. பாவிகள்.

கிணற்றுக்கு வெடி வைக்கவே இல்லை. நிலத்தை விற்றுவிட்டு மாமா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனார். தான் நுழைய முடியாத கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர், சாகிறவரைக்கும் இன்னொருவருடைய கேட்டில் நின்றார். அத்தை அதற்குப் பிறகு எந்தச் சாக்கிலும் குஞ்சம் விட்டு நான் பார்க்கவில்லை.

போன மாதம் என் மகன் எங்கள் மல்லாட்டையை விற்கத் தயாரானான். போனைப் பார்த்துக்கொண்டே, "ஏற்றுமதிக்குத் தடை வருதாம்மா, விலை சரியப் போவுது, இன்னிக்கே ஏத்திடறேன்" என்றான். யாருடா சொன்னது என்று கேட்டேன். எல்லா குரூப்லயும் வந்திருக்கு என்றான். நான் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவன் கையில் வைத்து, மாமாவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான், நல்ல பிள்ளை. நூலை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நம்ம ஊர்ல இந்த நூல் எந்த வீட்லமா இல்ல?" என்றான்.

நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக் மூட்டைகள், எல்லாவற்றிலும் மிஷின் போட்ட ஒரே வெள்ளைத் தையல். இவற்றைத் தேடிக்கொண்டு எந்தத் துறைமுகத்தில் போய் நின்றாலும் எது நம்முடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.