அணைக்காத கம்ப்யூட்டர்

அப்பா இறந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, நான் வீட்டுக்கு வயர்லெஸ் போட்டேன். இப்படிச் சொன்னால் 'என்ன பிள்ளை இவன்' என்றுதான் தோன்றும். சொந்தக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மேற்குத் தாம்பரத்துக் கடையிலிருந்து கொம்பு முளைத்த ஒரு பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நான் வந்து இறங்கினேன். சித்தப்பா ஒருவர் அந்தப் பெட்டியையும் என் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு அன்றைக்கு இல்லை.

அது அண்ணனுக்காக வாங்கியது. அண்ணன் அமெரிக்காவில் இருந்தான். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அவனால் வர முடியவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியது மூத்த பிள்ளை. வைத்தது நான். சுடுகாட்டிலிருந்து திரும்பி அவனுக்குப் போன் செய்தபோது, 'எல்லாம் முடிஞ்சுதா? சரி' என்றான். அடுத்து அம்மாவின் பி.பி. மாத்திரையைப் பற்றிக் கேட்டான். அழவே இல்லை. தினமும் பேசினான், ஒரு நாளும் அழவில்லை. அவன் மனைவி தனியாக எனக்குப் போன் செய்து, 'அவர் தூங்கறதே இல்லை, எனக்குப் பயமா இருக்கு' என்றாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"காரியத்தையாவது நான் பாக்கணும்டா. எப்படியாவது காட்டு."

பதினாறாம் நாள் காரியம் வாசல் பந்தலில் நடக்கும். இணைய இணைப்போ மாடம்பாக்கத்து எங்கள் வீட்டின் பின்கோடியில், அப்பாவின் அறையில், அவருடைய கம்ப்யூட்டரோடு ஒரு சாண் ஒயரில் கட்டிப்போட்டிருந்தது. அதில் கேமரா கிடையாது. கேமரா இருந்தது என் ஆபீஸ் லேப்டாப்பில். அதற்குப் பந்தல் வரை இணைப்பு எட்ட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அந்த அறைக்குள் போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியிலேயேதான் அப்பா இறந்திருந்தார். சாயங்காலம், அங்கே விடிந்து அண்ணன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவனோடு மெசஞ்சரில் நாலு வார்த்தை அடிப்பது அவர் வழக்கம். அன்றும் அதற்காக உட்கார்ந்தவர் தலை சாய்ந்துவிட்டார். கூட்டம் கூடி, அவரைத் தூக்கி வாசலில் கிடத்தி, எல்லாம் முடிந்தபின்தான் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். அணைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் போட்டுட்டுப் போனது. காரியம் முடியற வரைக்கும் அந்த ரூம்ல எதையும் அணைக்கக் கூடாது."

"அம்மா, அது விளக்கு இல்ல. கம்ப்யூட்டர்."

"எரியுது இல்ல?"

கையை எடுத்துவிட்டேன். அறையின் மூலையில் ஏற்றிவைத்த அகல் ஒருபக்கம், கம்ப்யூட்டர் ஒருபக்கம் என்று இரண்டும் எரிந்தன. கரண்டு போனாலும் இன்வர்ட்டர் தாங்கியது. வீடு அடங்கிய நேரங்களில் அதன் மின்விசிறி உள்ளே யாரோ மூச்சு விடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹாலில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு இருந்தேன், துக்க வீட்டில் டிவியா என்று அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

புதுப் பெட்டிக்கு இணைப்பின் பாஸ்வேர்டு வேண்டும். அது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல சார் இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"எங்கப்பா பேர்ல."

"அவரைப் பேசச் சொல்லுங்க சார். அவர் பேசினாதான் ரீசெட் பண்ண முடியும்."

உண்மையைச் சொன்னால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா, பெயர் மாற்று என்பார்கள். அதற்குள் காரியமே முடிந்துவிடும். போனை வைத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை வேறொரு பெண் எடுத்தாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"நான்தான் பேசறேம்மா. சொல்லும்மா" என்றேன்.

'சொல்லும்மா' என்று இழுப்பது அவர் வழக்கம். எனக்கு அப்படிப் பேசும் பழக்கமே கிடையாது, அது எங்கிருந்து வாயில் வந்தது என்று தெரியவில்லை. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. திரும்பினால் அறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அப்பாவின் பிறந்த தேதியைச் சொல்லி, அம்மாவின் பெயரை மனைவியின் பெயர் என்று சொல்லி, பாஸ்வேர்டை வாங்கினேன்.

மோடத்தை அணைத்தேன். அதை அணைக்க மட்டும் அம்மா சம்மதித்திருந்தாள். பழைய ஒயரைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் சொருகி, பெட்டியிலிருந்து அப்பாவின் கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் உயிர்ப்பித்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு எரிந்ததும் என் செல்போன் அடித்தது. அண்ணன்.

"டேய்... அப்பா ஆன்லைன்ல வந்தாரு."

அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. விளக்கினேன். கம்ப்யூட்டரை அம்மா அணைக்க விடவில்லை, மெசஞ்சர் திறந்தபடியே இருக்கிறது, இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் தானாக உள்ளே நுழையும், அவ்வளவுதான். பேசிக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"தெரியும்டா," என்றான். "ஒரு வாரமா அவர் பேர் பக்கத்துல பச்சையாவே இருந்துச்சு. அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப திடீர்னு போச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வந்துட்டாரு."

'வந்துட்டாரு' என்றான். நான் திருத்தவில்லை.

அதன்பிறகு அந்தப் பெட்டி என்னை நாய் படாத பாடு படுத்தியது. அறையில் முழு சிக்னல் காட்டும், ஹாலுக்கு வந்தால் பாதி, வாசலில் சுத்தமாக இல்லை. நடுவில் அப்பாவின் இரும்பு பீரோ நின்றது. பெட்டியைப் பரண்மேல் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன், கொம்பைத் திருகினேன். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அமெரிக்காவில் அப்பா போய்விட்டு வந்தார். அண்ணன் ஒவ்வொரு முறையும் போன் செய்தான். 'போயிட்டாரு.' 'வந்துட்டாரு.' எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் மனைவி சொன்ன பயம் இப்போது எனக்கும் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்தேன். எங்கேயும் சிக்னல் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முழுதாக வந்தது. அப்பாவைக் கிடத்தியிருந்த இடம் அது. பெட்டி வைத்த அறை ஜன்னலிலிருந்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக, அந்த இடத்துக்கு மட்டும்தான் சுவர் குறுக்கிடாமல் நேர்வழி இருந்தது. காரணம் இவ்வளவு சுலபமாகப் புரிந்தும், இரண்டடி பின்னால் போய் மறுபடி அங்கே வந்து பார்த்தேன். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அந்நேரம்தான் போன்.

அண்ணன்தான். 'டேய்' என்று மட்டும் சொன்னான்.

"என்னண்ணா?"

"அப்பா மெசேஜ் அனுப்பியிருக்காரு."

"என்ன உளர்ற?"

"'சாப்டியா'ன்னு கேக்கறாரு."

உள்ளே ஓடினேன். அகல் மட்டும் எரிந்த இருட்டில் திரை வெளிச்சமாகத் திறந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. திரையில் அண்ணனின் பெயர் போட்ட ஜன்னல். அப்பா தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார், அதே எழுத்தில் 'சாப்டியா' என்று அவர் பெயரில் போயிருந்தது. அதன் கீழே அண்ணனின் பதிலும் வந்திருந்தது.

'சாப்டேன்பா. நீங்க?'

கீபோர்டின் ஓரத்தில், என்டர் பட்டன் மேல், ஒரு டம்ளர் காப்பி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

எனக்கு விஷயம் பிடிபட ரொம்ப நேரம் ஆகவில்லை. நாற்காலியில் சாய்வதற்கு முன் அப்பா அந்த ஒரு வார்த்தையை அடித்திருக்கிறார். அனுப்பவில்லை. அது அடிக்கும் கட்டத்திலேயே இத்தனை நாளும் காத்துக் கிடந்திருக்கிறது, நான்தான் அந்தத் திரைப்பக்கம் பார்க்காமலே வேலை செய்திருக்கிறேன். அம்மா தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத்தான் தெரியவில்லை. மற்ற நாள் மேஜையில் வைத்தவள் அன்றைக்கு மேஜை முழுக்க நான் ஒயரும் திருப்புளியும் பரப்பியிருந்ததால் கீபோர்டில் வைத்துவிட்டாள்.

"இடம் எங்க விட்டே? அவர் கைக்கு எட்டற மாதிரி வெச்சேன்" என்றாள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"சரி. புரியுது," என்றான். "ஆனா பாத்த உடனே கை தானா அடிச்சிருச்சுடா. பதில் போட்டப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. அவர் இல்லேன்னு எனக்கு இன்னும் உள்ள ஏறல. நீ பாத்த, நெருப்பு வெச்ச. நான் என்னத்தைப் பாத்தேன்?"

காரியத்தன்று காலையில் இணைப்பு ஒழுங்காக இருந்தது. அந்த ஸ்டூலின் மேல் லேப்டாப்புக்குள் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அங்கே ராத்திரி. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நான் செய்ததையெல்லாம் அவனும் ஒரு கிண்ணத்தில் எள்ளும் தண்ணீருமாகச் செய்தான். படம் அவ்வப்போது உறைந்து போகும், அவன் கை அந்தரத்தில் நிற்கும், ஐயர் அவனுக்காகக் காத்திருப்பார். முகம் மட்டும் கல் மாதிரி இருந்தது. கடைசி வரை அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அம்மா லேப்டாப்பை அறைக்குத் தூக்கிவரச் சொன்னாள். அகலைப் பூவால் அணைத்தாள். பிறகு கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, லேப்டாப்பைப் பார்த்தாள்.

"பெரியவனே, இதையும் குளிர வெச்சிடலாமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னை நிறுத்தினாள்.

"நீ சும்மா இரு. மூத்தவன் சொல்லட்டும்."

லேப்டாப்பில் அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தான். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன், இமை அசைந்தது.

"வெச்சிடும்மா" என்றான்.

அம்மா சுவர் ஸ்விட்சைத் தட்டினாள். இத்தனை நாள் ஓடிய மின்விசிறி மெல்ல இறங்கி நின்றது. அறை இவ்வளவு அமைதியான அறை என்பதே மறந்து போயிருந்தது.

"இன்னும் பச்சையாத்தான் இருக்கும்மா" என்றான் அண்ணன். "இன்னும் இருக்காரு."

முறையாக மூடாமல் அணைத்தால் அங்கே தெரியச் சிறிது நேரம் பிடிக்கும். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. இருண்ட திரைக்கு முன்னால் அம்மாவும் நானும் நின்றோம், அங்கே அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூவரும் காத்திருந்தோம்.

"போயிட்டாரும்மா" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பையனைப் போல, தோள் குலுங்க அழுதான். அவன் மனைவி வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவனை அழ விட்டாள். அவன் ஓய்ந்தபிறகுதான் லேப்டாப்பின் பக்கம் குனிந்தாள்.

"போ கண்ணா. போய்த் தலைக்கு ஊத்திக்கோ."

சுடுகாட்டிலிருந்து வந்தவனுக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவன் எழுந்து போனான். திரையில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கோ உள்ளேயிருந்து தண்ணீர் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.