டெஸ் கில்லெட்டுக்கு அளவு பத்தாத விமானம்

டெஸ் கில்லெட் தன்னுடைய விமானத்துக்குள் மாட்டிக்கொண்ட அன்று, அவரை வெளியே எடுக்க நான்கு ஆட்களும் ஒரு டப்பா விளக்கெண்ணெயும் தேவைப்பட்டன. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. முதல் உலகப் போர்க் காலத்து இஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் உயிர். குடித்தது போக மிச்சத்தை ஓட்டுகிறவர் முகத்தில் துப்பும். அதை விழுங்கி இறங்கியவர் அன்று சாயங்காலம் கழிப்பறையை விட்டு அகல மாட்டார். வைராரப்பா பள்ளத்தாக்கில் பழைய விமானப் பைத்தியம் பிடித்த எல்லாருக்கும் இது தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"யோவ், மூச்சை வெளிய விடுய்யா!" என்று ஒரு தோளைப் பிடித்து இழுத்தபடி கத்தினார் ஹேமி. அவர்கள் விமானம் இறக்கி ஏற்றும் புல்வெளி ஹேமியின் ஆட்டுப் பண்ணையைச் சேர்ந்தது. அதனால் யாரையும் எதையும் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

"விட்டாச்சு மச்சான். இதுக்கு மேல விட்டா உயிர்தான் வரும்."

"அதையும் கொஞ்சம் விடு. இடம் கிடைக்கும்."

ஒருவழியாக இடுப்பு நழுவி, மனிதர் புல்லில் வந்து விழுந்தார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டெஸ் மட்டும் சிரிக்கவில்லை. எண்ணெய் வழிய எழுந்து நின்று, தான் வெளியே வந்த அந்தச் சின்னத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷ உழைப்பு அது. ஒன்பது வயதில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த வான்காட்சியில், மரமும் துணியும் கம்பியுமாக ஒரு பழைய விமானம் தலைக்கு மேல் போனது. அன்று பிடித்த பித்து. இறைச்சித் தொழிற்சாலை வேலை, கல்யாணம், முழங்கால் வலி எதுவும் அதைத் தெளியவைக்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருநாள் காரை வெளியே மழையில் நிறுத்திவிட்டு, கார்க் கொட்டகையில் முதல் மரச்சட்டத்தை இழைத்தார். 1917இல் பிரான்சு வானத்தில் சண்டையிட்ட ஒற்றை இருக்கை விமானம், சொப்வித் பப். நூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடத்தில் என்ன அளவோ அதுதான் அளவு. ஒரு ஆணிகூட இடம் மாறாது. இஞ்சின் மட்டும் அசல்.

கட்ட ஆரம்பித்தபோது ஆள் மெலிவு. வருஷா வருஷம் விமானம் கொஞ்சம் வளர்ந்தது, அவரும் ஒரு சுற்றுப் பெருத்தார். எப்போதும் வெளியே நின்று உள்ளே கையை விட்டு வேலை பார்த்தாரே தவிர, ஒருநாளும் உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை. மரத்தை மயிரிழை சுத்தமாக அளந்தவர், தன் இடுப்பை அளக்க மறந்துவிட்டார். இந்தப் பைத்தியங்கள் செய்யக்கூடிய தப்புதான் இது.

ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் டெஸ்ஸுக்கு வேறொன்று உறைத்தது. தொழிற்சாலையில் அவருக்கு உடுப்பறை வேலை. ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகச் சேரும் பையன்களைக் கண்ணால் பார்த்தே இன்ன அளவு உடுப்பு என்று எடுத்துக் கொடுப்பார். பக்கப் பலகைகள் விலாவை நெருக்கியபோது அந்தப் பழக்கம் தானாக வேலை செய்தது. இதற்குள் அடங்குகிற உடம்பு எது? ஒல்லித் தோள், இன்னும் சதை போடாத இடுப்பு, பத்தொன்பது வயது. இத்தனை வருஷமும் தான் கட்டிக்கொண்டிருந்தது அந்தப் போருக்குப் போன ஒரு பையனின் அளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டு அங்குலம்," என்றார் நெவில். அவர்தான் அவர்களுடைய பழைய விமானச் சங்கத்தின் பரிசோதகர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒன்றும் பறக்காது. "மேல் விளிம்பை வெட்டு, பக்கச் சட்டத்தை ரெண்டு அங்குலம் அகட்டு. பலத்துக்கு நான் பொறுப்பு. நீயே ஓட்டலாம்."

"வரைபடத்துல அப்படி இல்லையே."

"வரைபடம் போட்டவன் உன்னைப் பார்த்ததில்ல, டெஸ்."

டெஸ் பல வாரம் யோசித்தார். வெட்டினால் அது பப் இல்லை. வெட்டாவிட்டால், சாகும்வரை அதில் ஏற முடியாது. சிறிய விமானம் ஓட்ட உரிமம் வாங்கிவைத்ததே இதற்காகத்தான். ஒன்பது வயதிலிருந்து ஆசைப்பட்டது அதை வேடிக்கை பார்ப்பதற்கல்ல. கடைசியில் ஆசைதான் ஜெயித்தது. முதல் ஓட்டத்தைக் கட்டியவரே ஓட்டக்கூடாது என்பது அங்கே பழக்கம். பதற்றத்தில் தப்பு செய்வார் என்று. அதை வேறொருவர் சனிக்கிழமை ஓட்டட்டும், திங்கட்கிழமை வெட்டிவிடலாம் என்று முடிவானது.

அந்த வேறொருவர் நைரி, டெஸ்ஸின் மனைவி. மலைச்சரிவுகளில் உரம் தூவும் விமானத்தை இருபது வருஷம் ஓட்டியவள். நோஞ்சான் உடம்பு, இரும்பு மணிக்கட்டு. பழைய விமானம், அழகு, சரித்திரம் என்று யாராவது உருகினால் அவளுக்குக் கொட்டாவி வரும்.

"உர மூட்டையோட ஏறினாலும் இதுல ஏறினாலும் வேலை வேலைதான்," என்றபடி உள்ளே இறங்கினாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது அவளுக்கு. டெஸ் வேறு பக்கம் பார்த்தார்.

காற்றில்லாத காலை. ஹேமி ஆடுகளை ஓட்டிவிட்டு வந்து ஒரு இறக்கை நுனியைப் பிடித்தார். அந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. இஞ்சினும் அப்படித்தான், பிடித்தால் வெறிபிடித்துச் சுற்றும், அணைத்தால் அடங்கும், நடுவில் சமாதானமே இல்லை. அதனால் ஓட்டுகிறவர் தயாராகும்வரை ஒருவர் வால்பகுதியின்மேல் கவிழ்ந்து கட்டிப் பிடித்திருக்க வேண்டும். கனத்த ஆள் வேண்டும்.

"இந்த உடம்புக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை கிடைச்சிருக்கு," என்றார் ஹேமி. டெஸ் வாலைக் கட்டிக்கொண்டார்.

நெவில் காற்றாடியை இழுத்துவிட்டார். ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிறகு பிடித்துக்கொண்டது. இந்த வகை இஞ்சினில் காற்றாடி மட்டுமல்ல, உருளைகளெல்லாம் சேர்ந்து மொத்த இஞ்சினும் சுழலும். அந்தச் சுழற்சி மரத்தின் வழியாக டெஸ்ஸின் நெஞ்செலும்புக்குள் வந்தது. புல் படிந்து தரையோடு ஒட்டியது. எண்ணெய்ச் சாரல் நைரியின் பாதுகாப்புக் கண்ணாடியில் படிந்தது. பன்னிரண்டு வருஷம் அசையாமல் கிடந்த பொருள் கையிலிருந்து திமிறியது. டெஸ்ஸுக்கு மெய்சிலிர்த்தது.

நைரி கையசைத்தாள். ஹேமி இறக்கையை விட்டார். இரண்டாம் முறை அசைத்தாள். டெஸ் விடுவதற்குள் வால் எழும்பியது. அவரையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. பூட்ஸ் குதிகால் தரையை விட்டது, பிறகு கால்விரல்களும் விட்டதாக அவர் இன்றுவரை சத்தியம் செய்வார். கையைத் திறந்தார். முகங்குப்புற விழுந்தார்.

தலை நிமிர்ந்தபோது புல்வெளி காலியாக இருந்தது.

விமானம் வேலிக்கு மேலே, மரங்களுக்கு மேலே, தாராருவா மலைக்கு நேராக இருந்தது. திரும்பி அவர் தலைக்கு மேல் வந்தபோது சூரியன் அதன் பின்னால் இருந்தது. மெல்லிய லினன் துணி வழியே ஒளி ஊடுருவி, உள்ளே இருந்த ஒவ்வொரு மர விலாவும் தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். இது முதல் குளிர்காலத்தில் செய்தது, அது அம்மா செத்த வாரம் செய்தது. எல்லாம் ஆகாயத்தில் இருந்தன. மண்ணில் மண்டியிட்டபடியே டெஸ் அழுதார். ஹேமி எதையாவது சொல்ல வாயைத் திறந்தார், பிறகு தொப்பியைக் கழற்றி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

இஞ்சினை விட்டு விட்டு அணைத்து, விக்கல் எடுப்பதுபோல் சத்தம் வர, நைரி பத்திரமாக இறக்கினாள். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கியபோது, எண்ணெய் அப்பிய முகத்தில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் டெஸ்.

"இரு." முகத்து எண்ணெயைப் புறங்கையால் துடைத்தாள். "கிளம்புறதுக்கு முன்னாடி பின்னால நீ புடிச்சிருந்தது நல்லா தெரிஞ்சுது. கட்டிப் போட்ட மாதிரி, தைரியமா இருந்துச்சு. நீ விட்டே பாரு, அப்ப பயந்துட்டேன். நான்! இத்தனை வருஷம் ஓட்டினவ!"

கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"போர்ல இதை ஓட்டின பசங்களுக்கும் பின்னால ஒருத்தன் புடிச்சிருப்பான், இல்ல?" என்றாள். "உன்னை மாதிரி கனத்த ஆளாத்தான் பார்த்து நிறுத்தியிருப்பாங்க. திரும்பி வராத பசங்களையும் கடைசியா அவன்தானே விட்டிருப்பான்."

டெஸ் விளிம்பின் தோல் உறையைத் தடவிக்கொண்டே நின்றார். பையன்களை நினைத்தாரே தவிர, அந்த இன்னொரு ஆளை அவர் நினைத்ததே இல்லை. எந்த வரைபடத்திலும் அவன் இல்லை. அவனுக்கென்று ஒரு அளவும் யாரும் குறித்து வைக்கவில்லை.

"நெவில், வெட்ட வேண்டாம்," என்றார்.

"யோசிச்சுச் சொல்லு. அப்புறம் நீ எங்கதான் உட்காருவே?"

"நான் உட்கார வேண்டிய ஆள் இல்ல. புடிக்க வேண்டிய ஆள்."

நெவில் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

சீஸ் ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் முடிந்து, மத்தியானம் இன்னொரு ஓட்டம் போகலாம் என்றார்கள். எண்ணெய் ஊற்றினார்கள். நைரி உள்ளே இறங்கினாள். யாரும் சொல்லாமலே டெஸ் வாலுக்குப் போய்க் கட்டிக்கொண்டார். இஞ்சின் பிடித்தது. நைரி கையசைத்ததும் ஹேமி இறக்கையை விட்டார். இரண்டாம் முறை அசைத்தாள். டெஸ் விடவில்லை. நைரி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை கையைத் தூக்கியபோதுதான் விட்டார்.