ஊமத்தை இலையில் விழுந்த புள்ளிகள்

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் எங்கள் வீடு. தாவரவியல் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு அக்கா குத்தகை நிலத்தில் தக்காளி போட்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. செடிகளெல்லாம் இலை திட்டுத்திட்டாக வெளுத்து, காய் சிறுத்துக் கிடந்தன. நிலத்துக்காரர் எங்கள் துறைத் தலைவருக்கு வேண்டியவர். அவர் கேட்டுக்கொண்டதால் செடிகளைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். சுற்றிலும் புகைபோக்கிகள். வேறென்ன காரணம் இருக்கப் போகிறது? 'புகையால் நிலம் கெட்டுவிட்டது, இனி பயிருக்கு உதவாது' என்று பத்தே நிமிஷத்தில் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் அந்த அக்கா பிடுங்கிய செடியோடு கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"நீதானே எழுதினே? பக்கத்துப் பாத்தில வெண்டி நல்லாத்தானே கீது. பொக அத்த மட்டும் வுட்டுட்டுப் போவுதா? அந்தக் காயிதம் கைக்கு வந்ததும் நெலத்துக்காரரு அத்தக் காட்டி என்னைத் தொரத்திட்டு அங்க கிடங்கு கட்டப் போறாரு, தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. வெட்கமாக இருந்தது. நேராகத் தலைவர் அறைக்குப் போய், அவர் இன்னும் கையெழுத்துப் போடாத அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"நான் எழுதினது தப்பு சார். பத்து நாள்ல சரியா எழுதித் தரேன்."

"சோதிச்சுப் பார்க்க இங்க கருவி ஏதும்மா? வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். ஆனா பொய்யா எழுத மாட்டேன்." தாளைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியே வந்தேன்.

கருவி இல்லாவிட்டால் என்ன? கல்லூரி மதிலோரம் ஊமத்தை தானாக முளைத்துக் கிடந்தது; இந்த மாதிரி வைரஸ் பட்டால் அதன் இலையில் புள்ளி விழும். நோய்ச்செடியின் சாற்றை ஒரு இலையிலும், நல்ல செடியின் சாற்றை இன்னொன்றிலும், சாறு உள்ளே இறங்க மணல்தூள் தூவித் தேய்த்தேன். புகை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, வைரஸ் தொற்றும். நாலாம் நாள் முதல் இலை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மற்றது சுத்தமாக இருந்தது.

வைரஸ் எங்கிருந்து வந்தது? மறுபடி வயலுக்குப் போனேன். அக்கா புகையிலையைக் கிள்ளி வாயில் அதக்கிக்கொண்டு, அதே கையால் தக்காளியின் பக்கக் கிளைகளையும் கிள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் புகையிலையில் கொஞ்சம் வாங்கிவந்து ஊறவைத்து மூன்றாவது இலையில் தேய்த்தேன். அதே புள்ளிகள்.

இதை அவரிடம் சொல்லத்தான் பயம். இனி நிலத்துக்காரர் பழியை அவர்மேல் போடுவாரே.

சொன்னதும் அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப கோளாறு நெலத்துல இல்ல, என் கையில. கைய கழுவிக்கலாம். நெலம் போனா இன்னா பண்றது? என் மேல தப்புன்னே எழுது, பாப்பா. ஒண்ணும் மறைக்காதே."

அப்படியே எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போடவில்லை. நான் மட்டும் போட்டேன். அக்கா அந்தத் தாளையும் புள்ளி விழுந்த இலைகளையும் நிலத்துக்காரர் முன்னால் வைத்துவிட்டு, "குத்தகை முடியறவரிக்கும் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பழைய செடிகளை எரித்தார். வயலில் புகையிலையைத் தொடவே இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியையும் தொடவில்லை. அடுத்த போகம் பச்சைப்பசேலென்று வந்தது. கல்லூரியில் என்னைத் தண்டனையாக ஒரு வருஷம் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

இன்று அதே வைரஸை மரபணுச் சோதனையில் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் உண்மை தனக்கே பாதகமாக இருந்தும் அதை முழுசாகக் கேட்டு வாங்கிய ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எவ்வளவு பெரியவர் கேட்டாலும் ஒரு வரியைக்கூட மாற்றி எழுத எனக்கு மனம் வந்ததில்லை.