டீக்கல் சுருங்கிய மதியம்

1. மஞ்சள் இறக்கை

கே.கே. நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் விமானங்களின் சிறிய மாடல்களைச் செய்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். முதல் நாள், பட்டறையை நடத்தும் ஷீலா மேடம் ஒரு உதிரி இறக்கையைக் கொடுத்து மஞ்சள் அடிக்கச் சொன்னார். பெயின்ட் கெட்டியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துத் தின்னரைக் குறைத்துக் கலந்தேன். பெயின்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் திட்டுத் திட்டாகத் துப்பியது. காய்ந்ததும் இறக்கை ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

"பால் மாதிரி ஓடணும் மீனா," என்றார் மேடம். "ஒரே கோட்ல மூடணும்னு ஏன் நினைக்கிறீங்க? முதல் கோட் அடிச்சோமான்னே தெரியக் கூடாது."

அந்த இறக்கையையே உரசி உரசி மறுபடி அடித்தேன். சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும், அடியில் வெள்ளை வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் புரிந்தது.

2. பின் சீட் பெல்ட்

எனக்கு முதல் முழு விமானம் கிடைத்தது ரங்கநாயகி மாமியால். ஸ்ரீரங்கத்துக்காரர், எழுபது தாண்டியவர். இரண்டு சீட் உள்ள பயிற்சி விமானத்தின் மங்கிய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஓட்டினதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டினதும்மா," என்று சிரித்தார். "காலேஜ் படிக்கறச்சே கத்துண்டேன். தனியாப் பறந்தது ஒரே தரம். அப்புறம் கல்யாணம் ஆயிடுத்து, அதோட சரி."

நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. மாமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின் சீட் பெல்ட்டை மாட்டியே வை," என்றார். "தனியாப் பறக்கறச்சே, வாத்தியார் இறங்கினப்புறம் அதைக் கட்டிட்டுத்தான் கிளம்பணும். லூசா விட்டா கன்ட்ரோல்ல சிக்கிண்டுடும்."

மாமி வெளிநாட்டில் மகளோடு இருக்கப் போகிறார். மாடலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

3. கையை எடுங்க

விமானத்தின் பதிவு எழுத்துகளை டீக்கலாக, அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படலமாக, வெளியூரில் அச்சடித்து வாங்கியிருந்தோம். ஒரே செட். மாமி மறுநாள் கிளம்புகிறார்.

பளபளப்புக்கான கிளாஸ் கோட் காய்ந்ததும் டீக்கலை மாடலின் உடம்பில் நகர்த்தி ஒட்டி, அதை இளக்கும் திரவத்தைத் தடவினேன். சிறிது நேரத்தில் எழுத்துகள் தண்ணீரில் ஊறிய விரல் போலச் சுருங்கிவிட்டன. இழுத்துச் சரிசெய்ய ட்வீசரை எடுத்தேன்.

"கையை எடுங்க!" மேடம் குரல் உயர்ந்தது. "இப்ப தொட்டா கிழிஞ்சிடும். இளகினாத்தான் அது படியும். வாங்க, டீ குடிக்கலாம்."

டீயைப் பாதியில் வைத்தேன். மேசைக்கே திரும்பிவிட்டேன். அப்போதுதான் கண்ணெதிரே அது நடந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. படலம் தகட்டுக் கோடுகளுக்குள்ளும் ரிவெட் குழிகளுக்குள்ளும் மெல்ல இறங்கியது. விளிம்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஒட்டியதாகவே தெரியவில்லை, அந்த விமானத்தின் மேனியிலேயே எழுதியிருந்த மாதிரி இருந்தது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று நின்றேன்.

மறுநாள் காலை மாமி வந்தார். மாடலை ஜன்னலோரம் எடுத்துப்போய், மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார்.

"மேலேர்ந்து பாத்தேன்," என்றார் பிறகு. "இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நடுவுல நம்ம ஊரே உள்ளங்கையளவு. வெள்ளைக் கோபுரத்தைக் குனிஞ்சு பாத்தேன்னா நம்புவியா? பெருமாளே, தப்பா எடுத்துக்காதேன்னு சேவிச்சுண்டே திரும்பினேன்."

ஷீலா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வேலை பிரித்துக் கொடுக்கிறேன். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், "இதுல பறந்தவங்க யாருன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்புவேன். அது தெரிந்தால் கைக்குத் தானாக நிதானம் வந்துவிடும்.